ஓரத்தில் விழுந்த விரல்

எங்கள் வீட்டு ஃபிரிட்ஜ் கதவில் ஒரு பறவைப் படம் ஒட்டியிருக்கிறது. ஆரஞ்சும் மஞ்சளுமாக ஒரு சன் கான்யூர் கிளி, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்து, நீ யார், உனக்கு இங்கே என்ன வேலை என்று விசாரிப்பது மாதிரி பார்த்துக்கொண்டிருக்கிறது. றெக்கை நுனியில் கொஞ்சம் பச்சை, கொஞ்சம் நீலம். அதற்குப் பின்னால் முழுக்கப் பச்சை. வீட்டுக்கு வருகிறவர்கள் தண்ணீர் கேட்டு, நான் எடுத்துக் கொடுக்கும்போது அந்தப் படத்தைப் பார்த்துவிட்டு, இது எந்தக் காடு, எந்த நாட்டுக்குப் போய் எடுத்தது என்று தவறாமல் கேட்பார்கள். திருவொற்றியூரில், மொட்டை மாடியில் எடுத்தது என்றால் நம்ப மாட்டார்கள். பின்னால் தெரிவது காடு இல்லை, பட்டுப் புடவை என்றால் சிரித்துவிடுவார்கள். நானும் வற்புறுத்துவதில்லை. அவரவர் தண்ணீரைக் குடித்துவிட்டுப் போகிறார்கள்.

அந்தப் படத்தில் எல்லோரும் கிளியைப் பார்ப்பார்கள். நான் இடது ஓரத்தைப் பார்ப்பேன். அங்கே மங்கலாக, மாநிறத்தில் ஒரு திட்டு இருக்கிறது. யாராவது சொன்னால் ஒழிய அது என்ன என்று தெரியாது. அது என் அண்ணியின் விரல். படம் எடுக்கும்போது தவறி ஓரத்தில் விழுந்துவிட்டது. அன்றைக்கே அண்ணி அதைப் பார்த்துவிட்டு, ‘வெரல் வுழுந்துட்சி பாப்பா, அழிச்சிட்டு வேற எடு’ என்றாள். கிளியின் பார்வை பிடித்துப்போனதால் நான் அழிக்கவில்லை. எங்கள் குடும்பத்தில் அண்ணியின் உருவம் என்று இன்றைக்கு மிச்சம் இருப்பது அந்த விரல் ஒன்றுதான்.

அண்ணி என்று நான் சொல்வது அண்ணனின் முதல் மனைவியை. இப்போது அண்ணனுக்கு வேறு குடும்பம் இருக்கிறது, பள்ளிக்கூடம் போகிற பையன் இருக்கிறான். அவனுடைய அம்மாவையும் நான் அண்ணி என்றுதான் கூப்பிடுகிறேன். நல்ல பெண், என் மேல் பிரியமாகவே இருக்கிறாள், ஒரு குறையும் சொல்ல முடியாது. ஆனால் கூப்பிடும்போது வாய் மட்டும்தான் கூப்பிடுகிறது. அந்த வார்த்தை எனக்குள் வேறொருத்திக்கு எப்போதோ கொடுக்கப்பட்டுவிட்டது. இரண்டு பேருக்கும் விவாகரத்து ஆகிவிட்டால் அண்ணி என்கிற உறவும் முடிந்துபோகிறதா, முடிந்துபோனால் இப்போது அவள் எனக்கு என்ன முறை என்று பல தடவை யோசித்திருக்கிறேன். கோர்ட்டில் அண்ணனிடம் கேட்டார்கள், அண்ணியிடம் கேட்டார்கள். என்னிடம் யாரும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நான் சம்மதித்திருக்க மாட்டேன்.

அண்ணி ராயபுரத்துப் பெண். கல்யாணத்துக்கு மறுநாள் சீர்வரிசை வந்து இறங்கியபோது கட்டில், பீரோ, கிரைண்டருக்குப் பின்னால் ஒரு கூண்டும் இறங்கியது. கூண்டுக்குள் லவ் பேர்ட்ஸ் கூட்டமாகக் கத்திக்கொண்டிருந்தன. அவள் பிறந்த வீட்டு மாடியில் சின்ன வயதிலிருந்தே பறவை வளர்த்துப் பழக்கம். தெருவே கூடி வேடிக்கை பார்த்தது. ‘பொண்ணு கேட்டா, பட்சிக் கடையவே ஏத்தி அனுப்பிக்கிறாங்கோ’ என்று அம்மா எல்லோர் காதிலும் விழுகிற மாதிரி சொன்னாள். புதுப்பெண் தலையைக் குனிந்துகொள்வாள் என்று நினைத்தோம். அண்ணி சிரித்துக்கொண்டே, ‘கடை இல்ல அத்தே, பிராஞ்சுதான்’ என்றாள். நான் அப்போது காலேஜில் படித்துக்கொண்டிருந்தேன். அந்தப் பதிலைக் கேட்ட நிமிஷமே அவள் பக்கம் சாய்ந்துவிட்டேன். எனக்கு அக்கா தங்கை கிடையாது. அண்ணன் பேசுகிற ஆள் இல்லை. அந்த வீட்டில் எனக்குப் பேச்சுத்துணை வந்து சேர்ந்தது அன்றைக்குத்தான்.

அண்ணன் காசிமேட்டுப் பக்கம் விசைப்படகு பழுது பார்க்கிற யார்டில் வெல்டர். வாயால் சொல்ல வேண்டியதையெல்லாம் கையால் செய்துவிட்டுச் சும்மா இருப்பது அவன் சுபாவம். எனக்குக் காய்ச்சல் வந்தால் எப்படி இருக்கிறது என்று கேட்க மாட்டான், கட்டில் காலைச் சரிபண்ணிவிட்டுப் போவான். கல்யாணமான கொஞ்ச நாளில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, யாரிடமும் ஒன்றும் சொல்லாமல் மொட்டை மாடியில் வெல்டிங் மிஷினை ஏற்றினான். சாயங்காலம் பார்த்தால் ஆள் உள்ளே போய் நிற்கிற உயரத்துக்கு ஒரு கூண்டு. பொடிக்கம்பி வலை, குனியாமல் நுழையக் கதவு, உள்ளே பறவைகள் உட்கார முருங்கைக் கிளைகள். அண்ணி மேலே வந்து பார்த்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டாள். அவன் வெல்டிங் கண்ணாடியைக் கூடக் கழற்றாமல், ‘சின்னக் கூண்டுல அதுங்க இடிச்சிக்கினு கீது’ என்று மட்டும் சொல்லிவிட்டுக் கீழே இறங்கிப் போய்விட்டான்.

அதற்கப்புறம் அண்ணிக்கு அந்தக் கூண்டுதான் உலகம். லவ் பேர்ட்ஸோடு தலையில் கொண்டை வைத்த காக்கட்டீல் கிளி வந்தது, கடைசியில் சன் கான்யூர் ஜோடி வந்தது. கூண்டுப் பறவையையும் கட்டிக்கொடுத்த பெண்ணையும் சேர்த்துவைத்து உருகிப் பேசுகிறவர்கள் இருக்கிறார்கள். அண்ணி அந்தப் பேச்சைக் கேட்டிருந்தால் விழுந்து விழுந்து சிரித்திருப்பாள். அந்தக் கூண்டுக்குள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டால்தான் அவளுக்கு மூச்சே வரும். தோளில் ஒன்று, தலையில் ஒன்று, முந்தானை நூலைக் கடித்து இழுத்துக்கொண்டு ஒன்று. அவற்றோடு அவள் பேசுகிற பேச்சு கீழே சமையலறை வரைக்கும் கேட்கும்.

காலையில் அண்ணன் யார்டுக்குக் கிளம்பியதும் அண்ணி செல்போனை எடுத்துக்கொண்டு மேலே போவாள். படம் எடுப்பதென்றால் அவளுக்கு ஒரு முறை உண்டு. முதலில் காற்றைப் பார்ப்பாள். கடல் காற்று என்றால் நல்லது. மேற்கே மணலி ஆலைகள் பக்கமிருந்து காற்று வந்தால் கண் எரியும், மாடி முழுக்க மெல்லிசாகக் கறுப்பு படியும், அரை நாளில் மஞ்சள் றெக்கையும் மங்கிவிடும். ‘மணலிக் காத்து வந்துகினு கீது. எல்லாம் கலீஜு. இன்னிக்கு யாரும் அழகா இல்ல’ என்று பறவைகளிடமே சொல்லிவிட்டு இறங்கிவிடுவாள். காற்று நன்றாக இருந்தால், துணிக்குத் தண்ணீர் தெளிக்கிற ஸ்ப்ரே பாட்டிலால் ஒவ்வொன்றுக்கும் மழை மாதிரி அடிப்பாள். அவை குளித்து, உதறி, அலகால் ஒவ்வொரு இறகாகக் கோதிக்கொண்டு வருகிற வரைக்கும் பொறுமையாக உட்கார்ந்திருப்பாள். காய்ந்து முடித்ததும் அந்த நிறம் வரும் பாருங்கள், எங்கள் பக்கத்தில் அப்படி ஒரு மஞ்சளை நான் வேறு எதிலும் பார்த்ததில்லை. கூண்டுக்குப் பின்னால் பக்கத்து வீட்டின் பூசாத சுவர் தெரியும் என்பதற்காகத் தன் நிச்சயதார்த்தப் புடவையைக் கொடிக்கயிற்றில் கட்டித் தொங்கவிடுவாள். இலைப் பச்சையில் பட்டு. அம்மா இதைப் பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டாள். ‘பீரோல மடிச்சி வெச்சா யாரு பாக்கப் போறாங்க அத்தே, இதுங்களாவது பாக்கட்டும்’ என்றாள் அண்ணி.

கூண்டுக்குள்ளே போய் எடுத்தால் பறவைகள் அண்ணி மேலேயே வந்து உட்கார்ந்துகொள்ளும். அதனால் வெளியே நின்று வலை வழியாகத்தான் எடுப்பாள். நான் எடுத்தால் படம் முழுக்கக் கட்டம் கட்டமாகக் கம்பி விழும். கிளி ஏதோ கணக்கு நோட்டில் உட்கார்ந்திருப்பது மாதிரி இருக்கும். அண்ணி என் பின்னால் வந்து நின்று, என் கையோடு சேர்த்து போனைப் பிடித்து வலை மேல் ஒட்டிவைப்பாள். ‘கம்பியோட ஒட்டி வையி பாப்பா. தள்ளி நின்னா கம்பிதான் வுழும், பட்சி வுழாது’ என்பாள். ஒட்டிவைத்தால் கம்பி கரைந்துபோய்விடும். அப்படியும் வெயில் பட்டு வலை பளபளக்கிற நேரத்தில் வெள்ளையாக ஒரு புகை மாதிரி படத்தின் மேல் படரும். அதுதான் அண்ணிக்கு இருந்த ஒரே மனக்குறை. ஒருநாள் சாப்பிடும்போது அண்ணனிடம் சொன்னாள். ‘இந்தக் கம்பி மட்டும் கறுப்பா இருந்திச்சினு வையி, படத்துல இருக்கற எடமே தெரியாது.’ கூடவே, உப்புக் காற்றில் மூலைகளில் துரு ஏறுவதையும் சொன்னாள். அண்ணன் தலையை ஆட்டிக்கொண்டு ரசம் ஊற்றிக்கொண்டான். அவன் காதில் வாங்கியதாகவே எங்களுக்குத் தெரியவில்லை.

எங்கள் தெருவைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். அங்கே பாதிப் பேருக்குத் துறைமுகத்திலோ படகு வேலையிலோ பிழைப்பு. படகுக்கு அடித்து மிச்சமாகும் பெயிண்ட் டப்பா டப்பாவாக வீட்டுக்கு வரும். கேட்டு, ஜன்னல், தண்ணீர் டிரம், குழந்தையின் நடைவண்டி எல்லாமே ஒரே நீலத்தில் இருக்கும். கடையில் காசு கொடுத்து பெயிண்ட் வாங்குகிறவனைத் தெருவில் கிண்டல் செய்வார்கள். கடல் தண்ணீரையே தாங்குகிற பெயிண்ட், வீட்டுக் கதவைத் தாங்காதா என்பது எங்கள் ஆட்களின் கணக்கு. இது தப்பு என்று எங்களுக்கு யாரும் சொன்னதில்லை.

அண்ணி தங்கையின் வளைகாப்புக்காக ராயபுரம் போயிருந்தபோது அண்ணன் யார்டிலிருந்து ஒரு டப்பா கொண்டுவந்தான். இருக்கிறதிலேயே கெட்டியான பெயிண்ட் அதுதான். படகின் அடிப்பாகத்தில், தண்ணீருக்குள் மூழ்கியிருக்கிற இடத்தில் சிப்பி ஒட்டாமல் இருக்க அடிக்கிற கறுப்புப் பெயிண்ட். பறவைகளைப் பழைய கூண்டுக்கு மாற்றிவிட்டு, வலையின் ஒவ்வொரு கண்ணாக, உள்பக்கமும் வெளிப்பக்கமும் அடித்தான். இரும்பு அடிக்கிற அந்தப் பெரிய கையில் சின்ன பிரஷ்ஷைப் பிடித்துக்கொண்டு, நாக்கை ஓரமாகக் கடித்துக்கொண்டு அவன் உட்கார்ந்திருந்ததை நான் காலேஜ் விட்டு வந்து பார்த்தேன். என்னைப் பார்த்ததும், ‘சிப்பியே ஒட்டாது, துரு எங்க ஒட்டப் போவுது’ என்றான். அவன் அத்தனை சந்தோஷமாக இருந்து நான் பார்த்தது அபூர்வம். நன்றாகக் காயவிட்டுத்தான் பறவைகளைத் திரும்ப விட்டான்.

அண்ணி திரும்பி வந்து மாடி ஏறியதும் கூண்டைப் பார்த்துவிட்டு ஒரு கம்பியை விரலால் தடவினாள். பிறகு ஓடிப்போய்ப் புடவையைக் கொண்டுவந்து கட்டினாள். அன்றைக்கு எடுத்த படங்களில் கம்பியே இல்லை. புகை இல்லை, கட்டம் இல்லை, பச்சைக்கு முன்னால் பறவை மட்டும். அவள் சொன்னது சரிதான், கறுப்பு வலை இருந்த இடமே தெரியவில்லை. அடுத்த நாளும் எடுத்தோம், அதற்கடுத்த நாளும் எடுத்தோம். ஃபிரிட்ஜில் இருக்கிற படம் அப்போது என் போனில் எடுத்ததுதான். அண்ணி வழக்கம்போல என் கையைப் பிடித்து வலையோடு ஒட்டினாள், அவசரத்தில் அவள் விரல் உள்ளே வந்துவிட்டது. சாயங்காலம் அண்ணன் வந்தபோது அண்ணி படங்களை ஒவ்வொன்றாகத் தள்ளித் தள்ளிக் காட்டினாள். அவன் பனியனோடு படிக்கட்டில் உட்கார்ந்து, எண்ணெய் பட்ட கையைப் பின்னால் வைத்துக்கொண்டு எட்டிப் பார்த்தான். இருவரும் தலையோடு தலை ஒட்டி உட்கார்ந்திருந்தார்கள். அவர்களை நான் நினைத்துக்கொள்ளும்போதெல்லாம் அந்தப் படிக்கட்டில்தான் உட்கார வைத்துக்கொள்கிறேன்.

கிளி ஜாதிக்கு அலகுதான் மூன்றாவது கால். வலையைக் கடித்துப் பிடித்துத்தான் மேலே ஏறும், இறங்கும், பொழுது போகாவிட்டால் சும்மாவே கடித்துக்கொண்டிருக்கும். இது அண்ணிக்குத் தெரியும். படகின் அடியில் அடிக்கிற பெயிண்ட் சிப்பியை ஏன் ஒட்டவிடாது என்பது அண்ணனுக்குத் தெரியும், அதாவது அதில் விஷம் இருக்கிறது. இரண்டையும் சேர்த்து யோசிக்க அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. முதலில் லவ் பேர்ட்ஸ் இறகைப் பொம்மென்று வைத்துக்கொண்டு தரையில் வந்து உட்கார ஆரம்பித்தன. பிறகு காக்கட்டீல். சன் கான்யூரில் ஒன்று ஒரு காலையில் கிளையிலிருந்து விழுந்துவிட்டது. இன்னொன்றைத் துணியில் சுற்றி மடியில் வைத்துக்கொண்டு அண்ணியும் நானும் ஆட்டோ பிடித்துக் கால்நடை ஆஸ்பத்திரிக்கு ஓடினோம். அங்கிருந்த டாக்டரம்மா அதன் வாயைத் திறந்து பார்த்துவிட்டு, ‘கூண்டுல புதுசா ஏதாவது மாத்துனீங்களாம்மா?’ என்று கேட்டார். அண்ணி துணியின் ஓரத்தை இழுத்து அதன் மேல் மூடினாள். பிறகு, ‘பெயிண்ட் அடிச்சோம்’ என்றாள். அடிச்சார் என்று சொல்லவில்லை, அடிச்சோம் என்றுதான் சொன்னாள்.

திரும்பி வரும்போது துணியில் இருந்தது உயிரில்லாமல் இருந்தது. தண்டையார்பேட்டை சிக்னலில் கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவே ஆட்டோ மாட்டிக்கொண்டு நின்றது. அப்போதுதான் அண்ணி பேசினாள். ‘உங்க அண்ணன் கிட்ட சொல்லாத பாப்பா. சளி புடிச்சி செத்துட்சினு சொல்லிக்கலாம். பாவம், ஆசையா அடிச்சிது.’ அழுதுகொண்டே சொன்னாள், ஆனால் கோபமாகச் சொல்லவில்லை. நான் சரி என்றேன். வீட்டில் அப்படியே சொன்னோம். அண்ணன் காலியான கூண்டுக்கு முன்னால் போய் ரொம்ப நேரம் நின்றுவிட்டுக் கீழே வந்தான்.

சொல்லாமல் விட்டது நல்லதா கெட்டதா என்று எனக்கு இன்றைக்கும் தெரியவில்லை. அண்ணிக்கு மறுபடி பறவை வளர்க்க ஆசை இருந்தது. அதனால் அண்ணன் வீட்டில் இல்லாத நேரமாகப் பார்த்து உப்புத்தாளையும் பழைய கத்தியையும் எடுத்துக்கொண்டு மேலே போய் வலையின் கறுப்பைச் சுரண்ட ஆரம்பித்தாள். லேசில் போகிற பெயிண்டா அது? ஒருநாள் யார்டில் கரெண்ட் இல்லை என்று அண்ணன் மத்தியானமே வந்துவிட்டான். மாடிப்படியில் நின்று, அவள் மூக்கில் துணி கட்டிக்கொண்டு ஒவ்வொரு கண்ணாகச் சுரண்டுவதைப் பார்த்தான். ‘இன்னா பண்றே?’ என்றான். ‘துரு’ என்றாள் அண்ணி. அடித்து ஒரு மாதம் ஆகாத பெயிண்டில் ஏது துரு? அண்ணனுக்கு அந்த நிமிஷமே எல்லாம் புரிந்துவிட்டது. நான் துணி காயப்போட்டுக்கொண்டு பக்கத்தில்தான் இருந்தேன், அவன் முகம் மாறியதைப் பார்த்தேன். அவன் அப்போது அழுதிருந்தாலும் போதும், அவளைத் திட்டியிருந்தாலும் போதும். ‘போனது குருவிதானே, வேற வாங்கிக்கலாம் வுடு’ என்றான். அவனுக்குத் தெரிந்த ஆறுதல் அதுதான். அண்ணி கத்தியைக் கீழே வைத்துவிட்டாள்.

அதற்கப்புறம் வீட்டில் பேச்சு சுருங்கிப்போயிற்று. சண்டை இல்லை. சாப்பாடு போடுவாள், சாப்பிடுவான். ராத்திரி அவர்கள் அறையில் ஃபேன் சத்தம் மட்டும்தான் கேட்கும். நான் நடுவில் இருந்துகொண்டு இவளிடம் ஒன்று அவனிடம் ஒன்று சொல்லிச் சிரிக்கவைக்கப் பார்த்தேன், எடுபடவில்லை. அண்ணி தினமும் மாடிக்குப் போய் அந்தக் காலிக் கூண்டுக்குள் கொஞ்ச நேரம் உட்கார்ந்துவிட்டு வருவாள். அது அண்ணன் கண்ணில் பட்டுக்கொண்டே இருந்திருக்கிறது. ஒருநாள் அவள் மார்க்கெட்டுக்குப் போயிருந்த நேரத்தில் அவன் கேஸ் கட்டரைத் தூக்கிக்கொண்டு மேலே போனான். அவன் கட்டிய கூண்டு, அவனே அறுத்தான். வலையைச் சுருட்டி, கம்பிகளைக் கட்டி, மீன்பாடி வண்டியில் ஏற்றி சாத்தாங்காட்டுப் பழைய இரும்புக் கடைக்கு அனுப்பிவிட்டான். அம்மா தடுத்ததற்கு, ‘அத்தப் பாத்து பாத்துதான் அவ இப்டி ஆயிட்டா’ என்று சொன்னான். கண்ணுக்கு முன்னால் இல்லாவிட்டால் அவள் பழையபடி ஆகிவிடுவாள் என்று நம்பினான். அதுவும் ஆசையாகச் செய்ததுதான்.

அண்ணி பையோடு நேராக மாடிக்கு வந்தாள். தளத்தில் கூண்டின் நான்கு கால்கள் இருந்த இடத்தில் கருகல் மட்டும் இருந்தது. ‘என்ன ஒரு வார்த்த கேக்கத் தோணலியா?’ என்றாள். அண்ணன் கையைத் துடைத்துக்கொண்டிருந்தான். அடுத்த நாள் அம்மா வீட்டுக்குப் போய்விட்டு வருகிறேன் என்று கிளம்பினாள். பெட்டி கூட எடுத்துப்போகவில்லை, ஒரு கட்டைப்பைதான். பஸ் ஸ்டாப் வரை நான் கூடப் போனேன். ‘கொஞ்ச நாள்ல வந்துடுவே இல்ல?’ என்று கேட்டேன். என் கன்னத்தைத் தட்டிவிட்டு ஏறிக்கொண்டாள். கொஞ்ச நாள் கொஞ்ச மாதமாயிற்று. இந்தப் பக்கம் போய்க் கூப்பிடுவது யார், அந்தப் பக்கம் அனுப்பிவைப்பது யார் என்று பெரியவர்கள் கௌரவம் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அண்ணன் ஒரு தடவை ராயபுரம் போய்த் தெருமுனை டீக்கடையில் உட்கார்ந்திருந்துவிட்டு வீட்டுக்குள் போகாமலேயே திரும்பி வந்ததாக அவன் சிநேகிதன் ரொம்ப நாள் கழித்து என்னிடம் சொன்னான். குருவி செத்ததற்காக ஒரு குடும்பம் உடையுமா என்று கேட்பார்கள். புருஷன் பெண்டாட்டிக்குள் எனக்குத் தெரியாதது எவ்வளவோ இருந்திருக்கும். நான் பார்த்தது இவ்வளவுதான். இரண்டு பேரும் ஒருவர் மேல் ஒருவர் உயிரை வைத்திருந்தார்கள் என்பதையும் நான்தான் பார்த்தேன்.

அண்ணனுக்கு இரண்டாவது கல்யாணம் நிச்சயமானபோது, வரப்போகிற பெண் மனம் நோகக் கூடாது என்று அம்மா கல்யாண ஆல்பத்தை எடுத்து எங்கேயோ போட்டாள். சுவரில் மாட்டியிருந்த கல்யாணப் படமும் இறங்கிற்று. என் போனில் இருந்தவற்றையும் அம்மாவே பக்கத்தில் உட்கார்ந்து ஒவ்வொன்றாக என்னை அழிக்கவைத்தாள். அம்மா செய்ததில் நியாயம் இல்லை என்று சொல்ல மாட்டேன். கிளிப் படம் வந்தபோது, ‘இது பட்சிதானே, இருந்துட்டுப் போவட்டும்’ என்று விட்டுவிட்டாள். ஓரத்தை அவள் கவனிக்கவில்லை. நான் மறுநாளே ஸ்டூடியோவுக்குப் போய் அதைப் பிரிண்ட் போட்டு வாங்கி வைத்துக்கொண்டேன். பிறகு எனக்குக் கல்யாணமாகி எண்ணூருக்கு வந்தபோது பெட்டியில் கூடவே வந்தது. அண்ணியின் போன் நம்பர் மாறிவிட்டது. ஒரே ஒரு தடவை பஸ்ஸில் போகும்போது ராயபுரம் பாலத்துக்குக் கீழே அவளைப் பார்த்தேன், அல்லது பார்த்ததாக நினைக்கிறேன். கையில் ஒரு குழந்தை, பக்கத்தில் காலேஜ் படிக்கிற வயதில் ஒரு பெண், இருவரும் எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தார்கள். அவளுக்கும் வேறு வீடு அமைந்துவிட்டது என்று கேள்விப்பட்டிருந்தேன். அந்தப் பெண் புது நாத்தனாராக இருக்கும், அவளை அண்ணி என்றுதான் கூப்பிடுவாள். அவள் நல்லபடியாக இருக்கட்டும் என்றுதான் நினைத்தேன். ஆனால் அந்தப் பெண்ணின் மேல் எனக்கு வந்த பொறாமையை மறைப்பானேன், வயிறு எரிந்தது.

போன விடுமுறையில் பிள்ளைகளின் நச்சரிப்பு தாங்காமல் எல்லோருமாக நகரத்தின் அந்தக் கோடியில் இருக்கிற ஒரு பறவைப் பூங்காவுக்குப் போனோம். நான், என் மகள், அண்ணன், அவன் மனைவி, பையன். பெரிய வலைக்கூடம். உள்ளே நீலமும் சிவப்புமாக மக்காவ், வெள்ளைக் காக்கட்டூ, கூட்டம் கூட்டமாக சன் கான்யூர். பிள்ளைகள் தோளில் கிளியை உட்காரவைத்துக் கத்திக்கொண்டிருந்தார்கள். என் மகள் வெளியே வந்து வலை வழியாக ஒரு படம் எடுத்துவிட்டு, ‘அம்மா, ஃபுல்லா கம்பியா வருதும்மா’ என்றாள். நான் யோசிக்காமலே அவள் பின்னால் போய் நின்று, அவள் கையைப் பிடித்து போனை வலையோடு ஒட்டினேன். ‘கம்பியோட ஒட்டி வையி. தள்ளி நின்னா கம்பிதான் வுழும்.’ சொல்லி முடித்த பிறகுதான் அது யார் குரல் என்று எனக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தேன், அண்ணன் கேட்டிருப்பானோ என்று.

அண்ணன் உள்ளேயே வரவில்லை. கொஞ்சம் தள்ளி, கூட்டம் இல்லாத மூலையில் வலைக்குப் பக்கத்தில் தனியாக நின்றிருந்தான். கம்பியைக் கட்டைவிரல் நகத்தால் சுரண்டிப் பார்த்தான், நகத்தை மூக்குக்குப் பக்கத்தில் கொண்டுபோய் முகர்ந்தான். தீனி வாளியோடு போய்க்கொண்டிருந்த பூங்கா ஆளை நிறுத்தி, ‘இதுக்கு இன்னா பெயிண்ட்டு அடிச்சிக்கிறீங்கோ?’ என்று கேட்டான். அந்த ஆள், ‘பெயிண்ட்டே கெடையாதுண்ணே, ஸ்டீலு’ என்றான். அண்ணன் தலையை ஆட்டினான். அந்த ஆள் போன பிறகும் கொஞ்சம் நகர்ந்து போய் இன்னொரு இடத்தில் சுரண்டிப் பார்த்தான். நான் அவனைப் பார்த்ததை அவன் பார்க்கவில்லை. எத்தனை வருஷமாக எந்தெந்தக் கூண்டுக்கு முன்னால் நின்று இப்படிச் சுரண்டிக்கொண்டிருக்கிறானோ, யாருக்குத் தெரியும்.

திரும்பும் வழியில் எல்லோரும் எங்கள் வீட்டில் இறங்கினார்கள். அண்ணன் எப்போது வந்தாலும் வாசல் பக்கத்து நாற்காலியில் உட்கார்ந்துவிட்டு அப்படியே எழுந்து போகிறவன், சமையலறைப் பக்கம் வந்ததே கிடையாது. அன்றைக்கு வெயிலில் அலைந்ததில் தாகம் தாங்காமல் அவனே வந்து ஃபிரிட்ஜைத் திறந்து பாட்டிலை எடுத்தான். அவன் மனைவி பின்னாலேயே வந்தாள். ‘அட, இது நாம இன்னிக்குப் பாத்த கிளிதானே? எவ்ளோ நல்லா வந்துகீது, கம்பியே தெரியல’ என்றாள். குனிந்து உற்றுப் பார்த்தாள். ‘ஆனா ஓரத்துல யாரு வெரலோ வுழுந்துட்சி பாரு. இத மட்டும் கட் பண்ணிட்டு வேற பிரிண்ட் போட்டா சூப்பரா இருக்கும்.’ மனதில் ஒன்றும் வைத்துக்கொண்டு சொல்லவில்லை, படம் அழகாக இருக்க வேண்டும் என்றுதான் சொன்னாள். என்ன சொல்லி மழுப்பலாம் என்று தேடிக்கொண்டிருந்தேன். அண்ணன் பாட்டிலைக் கையில் வைத்துக்கொண்டு படத்தைப் பார்த்தான். கிளியைப் பார்க்கவில்லை.

‘இருக்கட்டும்’ என்றான்.

பிறகு பாட்டிலை உள்ளே வைத்துவிட்டு, ஃபிரிட்ஜ் கதவை ஓசை வராமல் மெதுவாகச் சாத்தினான்.